கறுப்புச் சட்டை வாலிபர்கள்

வாலிபப் பருவத்திற்கு இரண்டு பசிகள் உண்டு. ஒன்று வயிற்றுப் பசி. மற்றொன்று, தன்னை நாலு பேர் மதிக்கவேண்டும் என்னும் பசி. இவ்விரண்டையும் ஒரு தேசம் கவனியாமல் விட்டால், "நான் கவனிக்கிறேன்" என்று எவனாவது ஒருவன் கொடியும் கொம்புமாக வந்து சேருவான். இதற்கு ஜெர்மனியையும் இத்தாலியையும் உதாரணம் காட்டுவது வழக்கம். பார்லிமெண்டுகளின் தாய் என்று பெருமை பேசிக்கொண்ட இங்கிலாந்தையே நாம் எடுத்துக்கொள்வோம்.

1933-ஆம் வருஷத் தொடக்கத்தில் அத்தேசத்தில் வேலையற்றோர் தொகை சுமார் 30 லட்சம். சர்க்கார் அளித்த உதவிப் பணமோ அவமானத்துடன் கலந்தே வந்தது. அதிகாரிகள் வீடு தேடி வந்து குடும்பத்தின் வரும்படியைத் துருவிப் பார்த்தார்கள்; மகன் நாலு காசு சம்பாதித்தால் தந்தையின் உதவிப் பணம் குறைந்தது. அந்தத் தந்தை மகனின் முகத்தில் விழிப்பது எப்படி?

இச்சமயத்தில் முன்வந்தவர் ஸர் ஆஸ்வால்டு மோஸ்லி. வங்காளத்தை 1905-இல் இரு கூறாக வெட்டிய கர்ஸான் பிரபுவின் மருமகப்பிள்ளை என்றால் நம்மவர்க்கு எளிதில் விளங்கும். 1929-இல் தொழிற்கட்சி மந்திரியாயிருந்த அவர், வேலையில்லாத் திண்டாட்டத்தைப் போக்க ஒரு திட்டம் வகுத்தார். மந்திரி சபை அதை நிராகரிக்கவே, 1930-இல் ராஜிநாமாச் செய்தார். அடுத்த வருஷம் அவர் தொடங்கிய புதுக்கட்சி தேர்தலில் ஒரு ஸ்தானமும் பெறவில்லை. 1932-இல் இத்தாலிக்குப் போய் முஸோலினியின் ஆட்சியைக் கண்டு திரும்பியவர், அவ்வருஷம் அக்டோபரில் பிரிட்டிஷ் பாஸிஸ்டு சங்கத்தை ஸ்தாபித்தார்.

வாலிபர்களை இழுத்தது அவருடைய பொருளாதாரமன்று, சட்டைதான். லண்டன் செல்ஸியாவில் "கறுப்பு மாளிகை" என்று ஓர் இடம் ஏற்பட்டது. அங்கே குத்துச்சண்டை, அணிவகுப்பு, கூட்டாளிகள் எல்லாம் கிடைத்தன. நேற்றுவரை தெருமுனையில் கைகட்டி நின்றவன் இன்று ஓர் அணியில் ஒருவன். அவன் துன்பத்திற்குக் காரணம் யூதர்களே என்று சொல்லி, கோபத்திற்கு ஓர் இலக்கையும் காட்டிக் கொடுத்தார்கள். 1934 ஜூனில் ஒலிம்பியா மண்டபத்துக் கூட்டத்தில் குறுக்கே கேள்வி கேட்டவர்களை அந்தக் கறுப்புச் சட்டைகள் அடித்து வெளியே எறிந்தபோதுதான், அதுவரை ஆதரித்த கனவான்கள் பலர் விழித்துக்கொண்டார்கள்.

வறுமை மட்டும் காரணம் என்று எண்ணிவிடலாகாது. ரீட்ஸ்டேல் பிரபுவின் வீட்டில் சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஆயினும், பழைய சம்பிரதாயங்களில் சலிப்புற்ற அவர் புத்திரிகளில் யூனிடி, பாஸிஸ்டு சங்கத்தில் சேர்ந்து, பின் ஹிட்லரின் அடியாராகவே ஆனாள். தங்கை ஜெஸிகா 1937-இல் வீட்டைவிட்டு ஓடி, பாஸிஸத்தை எதிர்த்துப் போர் நடந்த ஸ்பெயினுக்குப் போனாள். அதற்கு முன் இருவரும் ஒரே அறையில் ஒரு பாதியில் ஸ்வஸ்திகமும் மறு பாதியில் அரிவாள் சுத்தியலும் வைத்திருந்தார்களாம். பெற்றோர் இதை விளையாட்டென்றே எண்ணியிருக்க வேண்டும்.

1936 அக்டோபர் 4-ஆம் தேதி, யூதர்கள் மிகுந்த கிழக்கு லண்டனில் மோஸ்லி ஊர்வலம் போக முயன்றார். கேபிள் தெருவில் யூதரும் ஐரிஷ் துறைமுகத் தொழிலாளரும் பொதுவுடைமையினரும் கூடி வழியை அடைத்தார்கள். ஊர்வலம் திரும்பியது. பின்னர் அரசியல் சீருடைகளைத் தடுத்துச் சட்டம் வந்தது. 1940-இல் யுத்தத்தின் நடுவே மோஸ்லி சிறைப்பட்டார். சங்கமும் தடை செய்யப்பட்டது.

ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. கேபிள் தெருவில் தோற்ற பின்பும் கிழக்கு லண்டனில் அச்சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் உண்டு. தெருவை அடைப்பது அவசியமாயிருந்தது. அது போதுமானதாக இல்லை. சட்டையைக் கழற்றச் சட்டத்தால் முடியும். அதைத் தேடிப் போகவைத்த ஏக்கத்தைக் கழற்ற, வேலையும் மரியாதையும் வேண்டும். அவற்றை அளிக்க வேண்டியவர்கள் 1930-இல் காகிதத்தைப் புரட்டிப் பார்த்து மூடி வைத்தார்கள். வெறுப்பை விதைத்த குற்றம் மோஸ்லியுடையதே. ஆனால் நிலத்தைத் தரிசாகப் போட்டுவைத்தவர்கள் யார் என்பதையும் சரித்திரம் கேட்கத்தான் செய்யும்.