மண்ணைச் சோதியாது மாடி எழுப்பலாமா?

சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014-ம் வருஷம் ஜூன் மாதம் 28-ந் தேதி, கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டடம் ஒன்று கணப்பொழுதில் சரிந்து 61 உயிர்களைப் பலிகொண்டது. மாண்டவருள் பலர் ஆந்திரம் முதலிய அயல் மாகாணங்களிலிருந்து பிழைப்பை நாடி வந்த ஏழைத் தொழிலாளர். இடி விழுந்ததே காரணம் என்று சொல்லத் துணிந்தவர்களும் இருந்தனர். ஆனால், அதற்கு இணையாக நின்ற மற்றொரு கட்டடத்தையும் அபாயகரமானதெனக் கண்டு, 2016 நவம்பர் 2-ந் தேதி வெடிவைத்துத் தகர்க்க நேர்ந்தது. குற்றம் வானத்தினுடையதன்று, மனிதருடையதே என்பது அதனால் ஐயமற விளங்கிற்று. 2023 டிசம்பர் மாதப் புயல் மழையில், வேளச்சேரியில் கட்டட வேலைக்கெனத் தோண்டிய ஆழ்ந்த பள்ளத்தில் மண் சரிந்து இருவர் மாண்டனர்.

இவ்விரு விபத்துக்களின் காரணங்கள் ஒன்றல்ல. எனினும் இரண்டும் ஒரே கேள்வியை நம் முன் நிறுத்துகின்றன: பாரத்தைத் தாங்க வேண்டிய பூமியின் தன்மையை நன்கறியாமல் வேலை தொடங்க எவருக்கேனும் உரிமையுண்டா?

சென்னையின் நிலம் ஒரே தன்மையுடையதன்று. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் பாறை தலைகாட்டுகிறது. அங்கிருந்து சில மைல் தூரத்திலுள்ள பள்ளிக்கரணையோ சதுப்பு நிலம். கடலோரத்தில் மணல். தியாகராய நகரின் பெரும்பகுதி 1920-களில் ஏரியைத் தூர்த்து எழுந்தது. ஆகவே, ‘அடுத்த வீட்டுக்கு ஐந்தடி தோண்டினோம், இதற்கும் அதுவே போதும்’ என்று மேஸ்திரி சொல்லும் வாக்கை நம்பி வீடு கட்டுவது, ஒருவன் நாடியைப் பார்த்து மற்றொருவனுக்கு மருந்து கொடுப்பதை ஒக்கும்.

மண் பரீட்சை மந்திர வித்தையன்று. பூமியில் துளையிட்டு, அதனுள் ஒரு குழாயை நிறுத்தி, 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து அதன்மேல் விழவிடுகின்றனர். குழாய் முதல் 15 சென்டிமீட்டர் இறங்கியபின், அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுகின்றனர். அவ்வெண்ணிக்கையைக் கொண்டு மண்ணின் உறுதி மதிக்கப்படுகிறது. எடுத்த மண்ணைச் சோதனைச் சாலைக்கு அனுப்புவதும், நிலத்தடி நீரின் மட்டத்தைக் குறிப்பதும் இதனோடு சேர்ந்தவை. நீர் அஸ்திவார மட்டம் வரை ஏறினால், மணலின் தாங்குந்திறன் ஏறக்குறையப் பாதியாகக் குறையவும் கூடும். கோடையில் மட்டும் பார்த்துவிட்டு ஐப்பசி மழையை மறப்பவர் ஏமாந்து போவர். களிமண்ணோ பாரத்தின் கீழ் வருஷக்கணக்கில் மெல்ல அமுங்குவது. கரிசல் மண் ஈரத்தில் பருத்துக் காய்ச்சலில் வெடிப்பது. ஒன்றுக்கு அகன்ற கான்கிரீட் தளமும், மற்றொன்றுக்கு ஆழ்ந்த தூண்களும் அவசியமாகலாம். எது தகும் என்பதை மண்தான் சொல்லவேண்டும்.

செலவு அதிகம் என்பது ஓர் ஆட்சேபம். கட்டடத்தின் மொத்தச் செலவில் இப்பரீட்சைக்கு ஆவது அற்பமே. விரிசல் கண்டபின் அஸ்திவாரத்தைப் பலப்படுத்த ஆவது அதைப் போன்று பன்மடங்கு. நம் முன்னோர் எந்த இயந்திரத்தைக் கொண்டு சோதித்தனர் என்பது மற்றோர் ஆட்சேபம். கல்லணையைக் கட்டியவர்கள் காவிரி மணலின் இயல்பை அறிந்தே கல்லை இறக்கினர். ஆழங்காணாத மணலில் அஸ்திவாரம் போடும் முறையை அவர்களிடமிருந்தே கற்றதாகச் சர் ஆர்தர் காட்டன் என்ற ஆங்கில இஞ்ஜினீயரே ஒப்புக்கொண்டிருக்கிறார். முன்னோர் பெயரைச் சொல்லி அலட்சியத்துக்கு அரண் தேடுவது அவர்களுக்குச் செய்யும் அவமதிப்பாகும்.

விதிகள் நம்மிடம் இல்லாமலில்லை. அஸ்திவாரத்துக்காக நிலத்தை ஆராயும் முறைக்கென்றே இந்தியத் தர விதியொன்று உண்டு. ஆனால் விதி ஏட்டில் இருந்தால் போதாது. ஓரிடத்து அறிக்கையின் முகப்பை மாற்றி வேறோரிடத்துக்குப் பொருத்துவதற்கு இடமிருக்கும்வரை விதியால் விளையும் பயன் சூன்யமே.

ஆகையால் நாம் கோருவது மூன்று. துளையிட்ட இடங்களைக் காட்டும் படத்தோடும், பொறுப்பேற்கும் இஞ்ஜினீயரின் கையொப்பத்தோடும் கூடிய அறிக்கையை எவரும் பார்வையிடும்படி ஸ்தல ஸ்தாபனம் வெளியிட வேண்டும். பள்ளம் தோண்டியபின், கான்கிரீட் இடுமுன், கண்ணெதிரே காணும் மண் அறிக்கையோடு ஒத்திருக்கிறதா என்று அதிகாரி நேரில் பார்க்க வேண்டும். சர்க்கார் வேலைகளுக்காக இட்ட துளைகளின் விவரங்களை வட்டாரவாரியாகத் தொகுத்துப் பொதுஜனங்களுக்கு அளிக்க வேண்டும்.

வீடு வாங்குவோன் சுவரின் வர்ணத்தைப் பார்க்கலாம். அஸ்திவாரத்தைப் பார்க்க அவனால் இயலாது. சாரத்தில் ஏறும் கூலியாளோ கேள்வி கேட்கவும் வழியற்றவன். அவ்விருவருக்கும் பதிலாகக் கேட்க வேண்டியது பொதுஜன அபிப்பிராயமே. நகர சபையிலும் பஞ்சாயத்திலும் இக்கேள்வியைத் தேசத் தொண்டர்கள் இன்றே எழுப்புவார்களாக.