டிக்கட் ஜன்னலிலிருந்து: அரை டிக்கட் நால்வர்

இந்தப் பகுதியை எழுதத் தொடங்கிய நாள் முதலாக, ரயில் சம்பந்தமான சந்தேகங்களுக்கு மட்டுமன்றி, அதற்குச் சிறிதும் சம்பந்தமில்லாத சந்தேகங்களுக்கும் என்னிடம் விடை கேட்கும் அன்பர்கள் பெருகிவிட்டார்கள். ஒருவர் தம் மகனுக்குப் பெண் பார்க்கும் விஷயத்தில் யோசனை கேட்டார். இன்னொருவர் வாடகை வீட்டின் கூரை ஒழுகுவதற்கு வழி கேட்டார். பத்தாம் வகுப்புத் தேறி, தந்தையார் காலமானபின் அவருடைய இலாகாவிலேயே இடம் பெற்ற ஒரு டிக்கட் குமாஸ்தாவுக்கு இவ்வளவு ஞானம் எங்கிருந்து வரும் என்று எவரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கி வைத்துக்கொண்டிருந்தபோது, நம் உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். சாத்தூர்ப் பக்கத்தவர், அறுபதை நெருங்குகிறவர். நம்மில் பலருக்கும் அவரைத் தெரியுமாதலால் பெயரைச் சொல்லாமல் அண்ணாச்சி என்றே குறிப்பிடுகிறேன். இதை எழுத அவருடைய அனுமதியும், அவருடைய மகளின் அனுமதியும் பெற்றிருக்கிறேன்.

“தம்பி, பெண்ணை இஞ்சினீயருக்குப் படிக்க வைத்தேன். கம்பெனிக்காரன் கல்லூரிக்கே வந்து வேலை கொடுத்தான். அதை வேண்டாம் என்கிறாள். பிள்ளை பிடிக்கிற வேலைக்குப் போகிறாளாம்! நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்றார்.

குழந்தைத் தொழிலை ஒழிக்கும் பணியில் ஈடுபட்ட ஒரு தொண்டு நிறுவனத்தில் அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அங்கே சில ஆண்டுகள் பழகியபின், மேற்படிப்பும் முடித்து, சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் போன்றதொரு ஸ்தாபனத்தில் சேர வேண்டும் என்பது அவள் எண்ணம். அண்ணாச்சிக்கு இது உத்தியோகமாகவே தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்போது தோன்றவில்லை. சிறுவர்களை மீட்பது போலீஸின் வேலை, இல்லாவிட்டால் புண்ணியவான்களின் வேலை. அதற்கு மாதச் சம்பளமா என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பெண்ணோடு இரண்டு மாலைகள் பேசினேன். அவள் கொடுத்தவற்றையும் வாசித்தேன். நான் அறிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 1919-இல் தோன்றியது. தோன்றிய ஆண்டிலேயே, பதினான்கு வயதுக்குட்பட்டோரைத் தொழிற்சாலைகளில் அமர்த்தலாகாது என்று ஓர் ஒப்பந்தம் இயற்றியது. டில்லியில் அதற்கு 1928 முதலே அலுவலகம் இருக்கிறது. 1992-இல் குழந்தைத் தொழில் ஒழிப்புக்கென்றே தனியாகத் திட்டம் ஒன்று தொடங்கியபோது, அதில் முதலில் சேர்ந்த ஆறு நாடுகளில் நம் நாடும் ஒன்று. 1998-இல், விதிஷாவில் பிறந்த மின்பொறியாளரான கைலாஷ் சத்யார்த்தி முன்னின்று நடத்திய உலக நடைப்பயணம் ஜனவரியில் மணிலாவிலிருந்து கிளம்பி, ஜூன் மாதத்தில் ஜினீவாவை அடைந்தது. மறு ஆண்டு, குழந்தை உழைப்பின் மிகக் கொடிய வடிவங்களைத் தடை செய்யும் 182-ஆம் ஒப்பந்தம் நிறைவேறிற்று. இந்தியா அதை 2017-இல் ஏற்றது. 2020 ஆகஸ்டில் டோங்கா தீவும் ஏற்றவுடன், நிறுவனத்தின் 187 உறுப்பு நாடுகளும் ஏற்ற முதல் ஒப்பந்தம் என்ற பெருமை அதற்குக் கிட்டியது. சத்யார்த்திக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்ததை நேயர்கள் அறிவார்கள். அவரும் இஞ்சினீயர் உத்தியோகத்தை விட்டவர்தாம் என்று அந்தப் பெண் சற்றே குறும்பாக நினைவூட்டினாள்.

எண்களையும் பாருங்கள். 2000-ஆம் ஆண்டில் உலகில் 24 கோடியே 60 லட்சம் சிறுவர் சிறுமியர் உழைத்துக்கொண்டிருந்தார்கள் என்று மதிப்பிட்டார்கள். 2024-இல் அது 13 கோடியே 80 லட்சம். குறைந்திருக்கிறது, ஆனால் 2025-க்குள் அறவே ஒழிப்பது என்று உலக நாடுகள் செய்த தீர்மானம் நிறைவேறவில்லை. இவர்களில் பத்தில் ஆறு பேர் ஆலையிலும் இல்லை, ஓட்டலிலும் இல்லை. வயலிலும் தோட்டத்திலும் இருக்கிறார்கள். எனவே கண்ணுக்குப் படுவதில்லை.

கண்ணுக்குப் படுவதில்லை என்று எழுதும்போது என் கை சற்றுத் தயங்குகிறது. எனக்குப் பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு. முன்பதிவில்லாத டிக்கட் ஜன்னலில் இருந்தேன். ஒருவர் வந்து, தெற்கே செல்லும் வண்டிக்கு ஒரு முழு டிக்கட்டும் நான்கு அரை டிக்கட்டும் கேட்டார். நோட்டுகளை எண்ணியே வைத்திருந்தார். சில்லறைத் தகராறு இல்லை. நல்ல பிரயாணி என்று எண்ணிக்கொண்டேன். பிறகு தேநீர் அருந்துவதற்காக வெளியே வந்தபோது, முதல் பிளாட்பாரத்தில் அந்த நால்வரையும் கண்டேன். பத்துப் பதினொரு வயதுப் பையன்கள். நம் பக்கத்தில் சிறுவர்களைக் கேலியாக ‘அரை டிக்கட்’ என்போமே, அது போன்றவர்கள். நால்வர் காலிலும் ஒரே நிறத்தில் புத்தம் புதிய ரப்பர் செருப்பு. எல்லாம் ஒரே அளவு. நால்வரில் சிறியவனுக்கு அது பெரிதாக இருந்தது. நடக்கும்போது கழன்றுவிடாதபடி கட்டைவிரலை மடக்கிக்கொண்டு நடந்தான். தகப்பன் வாங்கிய செருப்பு அப்படி இராது. மொத்தமாக வாங்கியவன்தான் அளவு பாராமல் வாங்குவான். இது எனக்கு அந்த நிமிஷமே விளங்கிற்று. விளங்கியும் நான் தேநீரைக் குடித்துவிட்டு ஜன்னலுக்குத் திரும்பினேன். வண்டி வந்தது; போயிற்று. ரயில்வே பாதுகாப்புப் படையினரின் அறை முப்பதடி தூரத்தில் இருந்தது. 1098 என்ற எண் என் தலைக்கு மேல் சுவரில் எழுதியிருந்தது.

இதை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கண்டிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

“அண்ணா, அன்று நீங்கள் சொல்லியிருந்தால் மறுநாள் அந்தப் பையன்கள் எங்கே போயிருப்பார்கள்?”

“வீட்டுக்கு.”

“அதற்கு மறுநாள்?”

எனக்கு விடை தெரியவில்லை. சொல்லியிருக்கத்தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை என்றாள். ஆனால் அந்த ‘மறுநாள்’ தான் தன் உத்தியோகம் என்றாள்.

இதற்கு அவள் காட்டிய சான்று வங்காள தேசம். 1992-இல், அமெரிக்க செனட்டர் டாம் ஹார்க்கின் என்பவர், குழந்தைகளை வேலை வாங்கிச் செய்த பொருள்களை இறக்குமதி செய்யலாகாது என்று ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். நோக்கம் நல்லது. மசோதா சட்டமாகும் முன்னரே, டாக்காவின் ஆடை ஆலை முதலாளிகள் அஞ்சி, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஐம்பதாயிரம் பேர் இருக்கலாம் என்பது மதிப்பு, பெரும்பாலோர் சிறுமியர். அவர்கள் பள்ளிக்குப் போகவில்லை. பள்ளிதான் அவர்களுக்காக ஏற்பட்டிருக்கவில்லையே! பின்னர்த் தேடிப் பார்த்தவர்கள் அவர்களிற் சிலரைக் கல்லுடைக்கும் இடங்களில் கண்டார்கள், தெருக்களில் கண்டார்கள், சொல்லக் கூசும் இடங்களிலும் கண்டார்கள். தையல் ஆலையே தேவலை என்னும்படி ஆயிற்று.

1995 ஜூலையில்தான் அங்கே புத்தி வந்தது. முதலாளிகள் சங்கமும், யுனிசெப்பும், தொழிலாளர் நிறுவனமும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. பள்ளி தயாராகும் வரை எந்தப் பிள்ளையையும் வெளியே அனுப்பலாகாது. அனுப்பும்போது நேரே பள்ளிக்கே அனுப்ப வேண்டும். வீட்டில் இழந்த கூலிக்கு ஓரளவு ஈடாக மாதம் 300 டாக்கா தர வேண்டும். புதிதாக எவரையும் சேர்க்கவில்லை என்பதை ஆலை ஆலையாகச் சென்று பார்க்க வேண்டும். இந்த உடன்படிக்கையை ஒரு முறை வாசித்துப் பாருங்கள். இதில் வீரம் எங்கே இருக்கிறது? எல்லாம் பதிவேடு! எந்தப் பிள்ளை, என்ன வயது, அதற்குச் சான்று என்ன, தாய்க்கு எவ்வளவு கடன், முதலாளி கொடுத்த முன்பணம் எவ்வளவு, பள்ளியில் இன்று ஆஜரா இல்லையா. கதவை உடைத்து மீட்பதைப் பத்திரிகையில் படம் போடுகிறார்கள். மீட்ட பிள்ளை ஆறு மாதம் கழித்து எங்கே இருக்கிறது என்று பேரேட்டைப் புரட்டுகிறவரை எவரும் படம் பிடிப்பதில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பேரேடு எழுதிவரும் எனக்கு, இந்த வேலையின்மேல் ஒரு மரியாதை பிறந்தது அப்போதுதான்.

இனி அண்ணாச்சியின் கவலைக்கு வருகிறேன். நிரந்தரமா, பென்ஷன் உண்டா என்று கேட்டார். கேட்பது நியாயம். சர்வதேச ஸ்தாபனங்களில் நுழைய முதுகலைப் பட்டம் வேண்டும். களத்தில் பழகிய அனுபவம் வேண்டும். ஆங்கிலத்தோடு பிரெஞ்சோ ஸ்பானிஷோ தெரிந்திருந்தால் நல்லது. போட்டி அதிகம். ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்கே. திட்டத்துக்குப் பணம் தருகிற நாடு கையை மூடிக்கொண்டால் வேலையும் முடிந்தது. 2025 மார்ச்சில் அமெரிக்கத் தொழிலாளர் துறை, வெளிநாடுகளில் குழந்தைத் தொழிலையும் கட்டாய உழைப்பையும் எதிர்க்கும் திட்டங்களுக்கு அளித்துவந்த நிதியை நிறுத்திவிட்டது. பல நாடுகளில் அனுபவசாலிகள் வீட்டுக்குப் போனார்கள். இதையெல்லாம் மறைத்துப் பேசினால் அது நட்பாகாது. அண்ணாச்சியிடம் அப்படியே சொன்னேன். பெண்ணும் மறுக்கவில்லை.

அவர் சமாதானம் அடைந்திருக்க வேண்டும். நான் அவர் பக்கம்தானே பேசினேன்! மாறாக அவர் முகம் சிவந்தது. சம்பளமல்ல அவருடைய குறை என்பது அப்போது வெளிப்பட்டது.

“தம்பி, ஒன்பது வயதில் நான் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவன். விடியுமுன் ஆபீஸ் பஸ் வரும். ஆத்தா எழுப்பிவிடுவாள். சட்டத்தில் குச்சி அடுக்குவேன். என் ஆத்தா கொடுமைக்காரியா? இவள் படித்துவிட்டு வந்து, ஊர் ஊராய்ப் போய், பிள்ளையை வேலைக்கு அனுப்பிய தாய் குற்றவாளி என்று எழுதப் போகிறாளா?”

அறையில் யாரும் பேசவில்லை. பிறகு அந்தப் பெண் மெதுவாகத்தான் கேட்டாள்: “அப்பா, நீங்கள் எப்படி அங்கிருந்து வெளியே வந்தீர்கள்?”

அவர் சொன்னார். பள்ளி வாத்தியார் ஒருவர் மூன்று நாட்கள் தொடர்ந்து வீட்டுக்கு வந்தாராம். மத்தியானச் சோறு உண்டு, விட்ட வகுப்பிலேயே சேர்த்துக்கொள்கிறேன், அபராதம் இல்லை என்றாராம். மூன்றாம் நாள் ஆத்தா சம்மதித்தாள். “அக்கா மட்டும் ஆபீசுக்குப் போனாள். அவள் கூலியில்தான் நான்...” என்று தொடங்கியவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. அந்த அக்காள் இன்றும் ஊரில் இருக்கிறார். வங்கியில் ரேகை வைத்துத்தான் பணம் எடுக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

சாந்தா சின்ஹா என்ற அம்மையாரைப் பற்றி அந்தப் பெண்தான் சொன்னாள். ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் அரசியல் பேராசிரியையாக இருந்தவர். ரங்காரெட்டி மாவட்டத்துக் கிராமங்களில் பணி செய்து 2003-இல் மகசேசே பரிசு பெற்றவர். பள்ளியில் இல்லாத பிள்ளை எதுவாயினும் அது தொழிலாளிப் பிள்ளையே என்பது அவருடைய கொள்கை. வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணும் அதில் அடக்கம். ஏழைத் தாய் படிப்பை வெறுக்கவில்லை, பள்ளிக்கூடத்துப் படியேறத்தான் அவளுக்கு வழி தெரியவில்லை, வழியில் யாராவது கூட நின்றால் அனுப்புவாள் என்பதை அவருடைய தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று கண்டார்கள். விடுபட்ட வகுப்புகளை ஈடு செய்ய முகாம்கள் நடத்தி, பிள்ளைகளை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தார்கள். சாத்தூரில் அந்த வாத்தியார் மூன்று நாள் நடந்ததும் இதே காரியந்தான். அவருக்கு அதற்கென்று யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. அதனாலேயே அண்ணாச்சி வந்தார், அக்காள் வரவில்லை. ஒரு வாத்தியார் எத்தனை வீட்டுக்கு நடப்பார்?

இடையில் நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒன்று. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து ‘ஒரு சின்னப் பெண்ணை’ அழைத்துவரும் வழக்கம் நம்மிடையே இருந்தது. அறவே போய்விட்டது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். வீட்டு வேலையில் பதினான்கு வயதுக்குட்பட்டவரை அமர்த்துவது 2006 அக்டோபர் முதல் குற்றம். மகளைப் போல் வைத்திருக்கிறோம் என்பார்கள். மகள் பள்ளிக்குப் போகிறாளே!

அன்று அண்ணாச்சி விடைபெறும்போது எதுவும் தீர்மானமாகச் சொல்லவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்” என்றார். மறுநாள் இரவு என் ஜன்னலுக்கே வந்து, சாத்தூருக்கு எந்த வண்டியில் போனால் சௌகரியம் என்று கேட்டார். சென்னையில் மாற வேண்டும் என்று சொன்னேன். இரண்டு டிக்கட் வாங்கினார். மகளும் உடன் போகிறாளாம்.

இதை அச்சுக்கு அனுப்பும் இன்று வரை அவர்கள் திரும்பவில்லை. அந்தப் பெண் வேலையில் சேர வேண்டிய கடைசி நாள் இம்மாதம் 28.