மாரிகால விருந்தினர்

முள்ளிக்குளம் போன்ற மன்னார்க் கரையோர ஊர்களில் மாரி என்பது பனியன்று, மழை. அக்காலத்தில் முற்றத்துப் பறவைகளுக்கு நாம் பிடி தானியம் வைக்கலாம். பாதிச் சிரட்டையின் கண்ணைத் துளைத்தால் மழைநீர் வடிந்துவிடும். உள்ளே பன்னாடைத் துண்டு விரித்து, அரிசியோ குரக்கனோ இட்டு, பூனைக்கு எட்டாவண்ணம் வேப்பங்கிளையிற் கட்டுவோம். நனைந்த தானியத்தை அன்றன்றே அகற்றவேண்டும். பூஞ்சணம் பறவைகளுக்கு நோய் தரும்.

சிட்டுக்குருவியும் புலுனியும் சிரட்டையை நாடும். இந்தியாவிலிருந்து, இமயமலை அடிவாரத்திலிருந்துங்கூட, ஒக்டோபரில் வரும் ஆறுமணிக்குருவியோ நாடாது. சருகைக் கிளறிப் புழுபூச்சி தின்பதே அதன் இயல்பு. ஏப்ரல் வரை தங்கும் அவ்விருந்தினருக்காக, வேலியோரச் சருகைக் கூட்டிக் கொளுத்தாது விட்டுவைப்போம். தானியம் உண்ணாத பறவைக்கு நாம் இடக்கூடிய விருந்து அதுவே.