இல்லத்துக்கு ஒரு சொல்: நடுக்களத்தில் நின்ற பெண்



மாலை வேளையில் நம் பங்கு மைதானத்தைச் சற்றுக் கவனியுங்கள். ஆண் பிள்ளைகள் இருட்டும் வரை பந்தை உதைத்துக்கொண்டிருப்பார்கள். பத்து வயதுச் சிறுமியரும் அவர்களோடு ஓடுவதுண்டு. பதினான்கு வயதுப் பெண்ணை அங்கே காண்பது அரிது. "வயதுக்கு வந்த பிள்ளைக்கு விளையாட்டு என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்ற ஒரு கேள்வியோடு அவளுடைய ஆட்டம் முடிந்துவிடுகிறது.

அக்கேள்வியைக் கேட்குமுன், கடலூரில் 1994-ஆம் ஆண்டு பிறந்த இந்துமதி கதிரேசனைப் பற்றிச் சற்று அறிந்துகொள்வது நலம். இவர் இந்திய மகளிர் கால்பந்து அணிக்காக நடுக்களத்தில் ஆடியவர்.

பின்வரிசையினர் கோலைக் காப்பார்கள். முன்வரிசையினர் கோல் அடிப்பார்கள். நடுக்களத்தில் நிற்பவருக்கோ இரண்டிலும் பங்கு உண்டு. எதிரியிடமிருந்து பந்தைப் பறிக்க வேண்டும்; பறித்ததைத் தக்கவரிடம் தக்க நேரத்தில் சேர்க்க வேண்டும். ஆட்டம் முழுவதும் ஓடுபவர் அவரே. ஆயினும் கைதட்டல் பெரும்பாலும் கோல் அடித்தவருக்கே கிடைக்கும். இல்லத்தில் ஓய்வின்றி உழைக்கும் தாய்மாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கடலூரில் பயிற்சியாளர் மாரியப்பன் பல பெண்களைக் கால்பந்தில் பழக்கினார். 2004-ஆம் ஆண்டுச் சுனாமியால் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். இந்துமதி அந்த மண்ணில் உருவானவர். 2018-இல் தமிழ்நாடு மகளிர் அணி மணிப்பூரை 2–1 என வென்று, தேசிய வாகையர் பட்டத்தை முதன்முறையாகக் கைப்பற்றியது. பன்னெடுங்காலமாக மகளிர் கால்பந்தில் கோலோச்சிய மணிப்பூரை வென்றது சிறு செயலன்று.

அடுத்த ஆண்டு நேபாளத்தின் பிராட்நகரில் தெற்காசியப் போட்டி நடைபெற்றது. அரையிறுதியில் இந்தியா வங்கதேசத்தை 4–0 என வீழ்த்தியபோது இரண்டு கோல்களை இந்துமதி அடித்தார். இறுதியில் நேபாளத்தை 3–1 என வென்று இந்தியா கோப்பையைப் பெற்றது. அதே 2019-இல் இவர் ஆடிய மதுரை சேது அணி இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது.

விளையாட்டு அவருக்கு உத்தியோகத்தையும் தந்தது. தமிழ்நாடு காவல்துறையில் அவர் உதவி ஆய்வாளர். 2020-இல் பெருந்தொற்றால் நாடு முடங்கியபோது, மைதானத்தை விட்டுச் சென்னைத் தெருக்களில் காவற்பணி புரிந்தார்.

வாழ்க்கை வெற்றிகளால் மட்டும் ஆனதன்று. 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பைப் போட்டி நம் நாட்டிலேயே நடந்தது. ஈரானுடன் ஒரே ஆட்டம் ஆடிய நிலையில், நோய்த்தொற்றால் களமிறக்கப் போதிய வீராங்கனையர் இன்றி இந்திய அணி விலக நேர்ந்தது. சொந்த மண்ணில் கைநழுவிய வாய்ப்பு அது. ஆயினும் இந்துமதி ஆட்டத்தை விடவில்லை. 2023–24-ஆம் ஆண்டின் சிறந்த இந்திய வீராங்கனை என்ற விருதை அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவருக்கு வழங்கியபோது அவருக்கு முப்பது வயது. பதினான்கில் நிறுத்தப்பட்டிருந்தால் இந்த முப்பது ஏது?

கடலூர்க் கதை தருமபுரிக்கு எதற்கு என்று எண்ண வேண்டாம். பெண் சிசுக்களைக் காக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-இல் நம் மாவட்டத்துக்கும் விரிவாக்கப்பட்டது. ஏன் இங்கு வேண்டியிருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. தொட்டிலில் காப்பாற்றிய மகளைப் பதினாறு வயதில் மணமேடையில் அமர்த்திவிட்டால், காத்த பயன் பாதியாகிவிடும். பதினெட்டு நிறையாத பெண்ணுக்கு மணம் செய்விப்பது சட்டப்படிக் குற்றம் என்பதையும் அறிவோம்.

எல்லாப் பெண்களும் இந்துமதி ஆகமாட்டார்கள். ஆக வேண்டியதும் இல்லை. உங்கள் மகளுக்கு ஆசை இருப்பின், நாள்தோறும் ஒரு மணி நேரத்தை அவளுக்கு விட்டுக்கொடுங்கள். தண்ணீர்க் குடத்தை அன்று அண்ணன் தூக்கட்டும். துணைக்கு ஒருவர் மைதானத்தருகே அமர்ந்திருங்கள். பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் நீங்களே சென்று பேசுங்கள். விளையாட்டு வீரர்களுக்கு அரசுப் பணிகளில் 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள்.

இந்த ஞாயிறு மாலை, மைதானச் சுவரோரம் நின்று வேடிக்கை பார்க்கும் உங்கள் மகளைக் கண்டால், "நீயும் போய் ஆடம்மா" என்று சொல்லிப் பாருங்கள். அவள் முகம் உங்களுக்கு மறுமொழி தரும்.