‘மியூசியத்துக்கு எதுக்கு இந்த வேலை?’

அருங்காட்சியகம் பழம்பொருளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டிய இடம். சமூகத்தை மாற்றுவது கட்சிகள், இயக்கங்கள், பள்ளிக்கூடங்கள் பாடு. படித்தவர்கள் நடுவே இது ஏறக்குறைய தீர்ந்துபோன விஷயம். சர்வதேச அருங்காட்சியக மன்றம் 2022 ஆகஸ்டில் பிராக் நகரில் கூடி, எல்லாருக்கும் திறந்திருப்பது, பன்மையை வளர்ப்பது ஆகியவற்றைத் தன் வரையறைக்குள் கொண்டுவந்ததையும் மேற்கத்திய மோஸ்தர் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. கொல்கத்தாவை வைத்து இந்த வாதத்தை உரசிப் பார்க்கலாம்.

முதலில், அருங்காட்சியகம் நடுநிலையானது, அதைக் கெடுக்காதீர்கள் என்கிறார்கள். எப்போது நடுநிலையாக இருந்தது? சௌரங்கியில் இருக்கும் இந்திய அருங்காட்சியகம் 1814-ல் ஆசியவியல் கழகம் தொடங்கியது. அதே கழகத்தில் 1866-ல் ஒரு யோசனை எழுந்தது: பல்வேறு இனத்து மனிதர்களை உயிரோடு கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து, தடுப்புகளுக்குள் உட்காரவைத்து ஆராய வேண்டும். நல்லவேளை, நடக்கவில்லை. ஆனால் 1883-84 சர்வதேசப் பொருட்காட்சியில் கிருஷ்ணநகர் கைவினைஞர்கள் செய்த களிமண் மனித உருவங்கள் ‘மக்கள் வகைகளாக’ நின்றன. யார் ஆராய்பவர், யார் ஆராயப்படும் பொருள் என்று அப்போதே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. இப்போது ‘சமூக விஷயம் வேண்டாம்’ என்பவர் அந்தத் தீர்ப்பு அப்படியே இருக்கட்டும் என்கிறார், அவ்வளவுதான்.

பாதுகாப்புதான் தலையாய வேலை, மற்றதெல்லாம் கவனத்தைச் சிதறடிக்கும் என்பது அடுத்தது. 2004-ல் இதே அருங்காட்சியகத்திலிருந்து ஒரு புத்தர் தலைச்சிற்பம் திருடு போனது. இருநூறாம் ஆண்டு விழா ஏற்பாடுகளின்போது, 2013-ல், அசோகர் காலத்து ராம்பூர்வா சிங்கத் தூண்தலை இடம் மாற்றுகையில் உடைந்தது. இந்த இரண்டுக்கும் சமூக அக்கறை மிகுந்துபோனதைக் காரணம் சொல்ல யாராலும் முடியாது.

வருகிற கூட்டம் வேடிக்கை பார்க்கத்தானே வருகிறது என்ற இளக்காரம்தான் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது. குளிர்கால விடுமுறையில் மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். காளிகாட், மிருகக்காட்சி சாலை, விக்டோரியா நினைவகம், பிறகு அவர்கள் ‘ஜாதுகர்’ என்று சொல்லும் இந்த மியூசியம். (நம் சென்னைவாசிகள் எழும்பூர் மியூசியத்தை ‘செத்த காலேஜ்’ என்றார்கள், காணும் பொங்கலன்று அங்கே கூடிய கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புரியும்.) எந்தக் கருத்தரங்குக்கு இந்த ஜனம் வரும்? எல்லாரும் எகிப்து மம்மியைத் தேடித்தான் ஓடுகிறார்கள், உண்மை. ஆனால் அதே கட்டடத்தில் பார்ஹுத் தூபியின் கல்வேலி நிற்கிறது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதற்குக் கொடை கொடுத்தவர்களின் பெயர்கள் கல்லிலேயே இருக்கின்றன; அவர்களில் பிக்குணிகளும் இல்லறப் பெண்களும் உண்டு. நதியா மாவட்டத்திலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் இதை வங்காளத்தில் இரண்டு வாக்கியமாகச் சொல்ல ஆள் வைத்தால், வேடிக்கை வேடிக்கையாகவே நின்றுவிடாது.

சரி, ஊரைவிட்டு வர வழியில்லாதவர்கள்? அருங்காட்சியகமே போயிருக்கிறது. 1959-ல் திறந்த பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம், 1965-லேயே காட்சிப்பொருள்களைப் பேருந்தில் ஏற்றிக் கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. தொட்டுப் பார்க்கலாம், கைப்பிடியைச் சுற்றிப் பார்க்கலாம். 1978-ல் கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழுமம் அமைந்தபின் இந்தப் பேருந்துக் காட்சி நாடெங்கும் பரவியது. 1982-ல் பின்தங்கிய புருலியாவிலேயே ஒரு மாவட்ட அறிவியல் மையம் வந்தது. அருங்காட்சியகத்தின் சமூகக் கடமையைப் பேசியதாக உலகமே மேற்கோள் காட்டும் சாண்டியாகோ வட்டமேசை 1972-ல்தான் கூடியது. கொல்கத்தாப் பேருந்து அதற்கு ஏழு வருஷம் மூத்தது. அந்த நிறுவனத்தில் வளர்ந்த சரோஜ் கோஷ் 1992 முதல் 1998 வரை சர்வதேச மன்றத்துக்கே தலைவராக இருந்தார். மேற்கத்திய மோஸ்தராம்!

பணம் இல்லை என்பது மட்டும் பாதி நியாயமான வாதம். ஜோகாவில் குருசதய் அருங்காட்சியகம் இருக்கிறது. குருசதய் தத் ஐ.சி.எஸ். அதிகாரி. அவர் மனைவி சரோஜ் நளினி 1913-ல் பாப்னாவில் பெண்களுக்காக மகளிர் சமிதி தொடங்கியவர். 1925-ல் அவர் இறந்தபின் அவர் பெயரால் அமைந்த சங்கம் விதவைகளுக்கும் ஏழைப் பெண்களுக்கும் கைத்தொழில் கற்றுக்கொடுத்தது. கணவரோ, யாரும் கலையென்று மதிக்காத கிராமத்துப் படச்சுருள்களையும் காந்தாக்களையும் தேடிச் சேர்த்தார். பழம்புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்ட துணி, காந்தா. குல்னாவைச் சேர்ந்த மானதாசுந்தரி என்ற பெண் தைத்தது ஒன்று அங்கே இருக்கிறது. அதில் சிப்பாய்களெல்லாம் வருகிறார்கள். தன் கையால் செய்து தந்தைக்குத் தருவதாகத் தன் பெயரையும் நூலாலேயே எழுதியிருக்கிறாள். பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்கத்தில் ஒரு பெண் இட்ட கையெழுத்து அது. 1963-ல் திறந்த இந்த இடத்துக்கான நிதியை 2017-ல் மத்திய ஜவுளி அமைச்சகம் நிறுத்திக்கொண்டது. ஊழியர்கள் சம்பளத்துக்குத் திண்டாடினார்கள். பணமில்லாமல் நடக்காது என்பது சரி. ஆனால் பணம் நின்றது அரசின் முடிவு. அதை அருங்காட்சியகத்தின் இயலாமையாகக் கணக்கு எழுதுவது எப்படி நியாயம்?

கடைசியாக, சர்ச்சையைத் தொடாதே என்கிறார்கள். தொடாமல் இருந்ததன் விளைவைக் கொல்கத்தாவின் தெற்கில் பார்க்கலாம். பிரிவினையால் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் காலியாகக் கிடந்த இடங்களில் தாங்களே குடியேறி உண்டாக்கியவை பிஜோய்கர், ஆசாத்கர் போன்ற காலனிகள். பஞ்சாபின் பிரிவினைக்கு 2017-ல் அமிர்தசரஸ் டவுன் ஹாலில் அருங்காட்சியகம் கிடைத்தது. வங்கத்தின் பிரிவினைக்கோ 2022-ல் இணையத்தில்தான் ஒன்று வந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில், நிறவெறி அரசு காலி செய்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் மக்கள், 1994-ல் ஒரு பழைய தேவாலயத்தில் அருங்காட்சியகம் திறந்து, தரையில் விரித்த பெரிய தெருவரைபடத்தில் தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயர் எழுதினார்கள். பிஜோய்கரில் அப்படி ஒரு வரைபடம் விரிக்க அரண்மனை தேவையில்லை. காலனியின் பழைய சங்கக் கட்டடம் ஒன்று போதும். நாட்டைவிட்டு வந்ததை நேரில் நினைவு வைத்திருப்பவர்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல் ஆகிறது.