முதல் மழையின் முளை நம் பங்கு

பெங்களூரில் கோடை மழை இரண்டு பெய்தால் போதும், காலி மனை, ஏரிக்கரை, மேய்ச்சல் தரை எங்கும் பார்த்தீனியம் முளைத்துவிடும். கன்னட விவசாயிகளின் 'காங்கிரஸ் கிடா' இதுதான். மாடு இதை விரும்பித் தின்பதில்லை. வேறு தீவனமின்றித் தின்றால் பால் கசக்கிறது. வெறுங்கையால் பிடுங்குகிறவர்களுக்குத் தோல் வெடித்து அரிக்கிறது.

இதை மேயும் மெக்சிகோ வண்டான ஸைகோகிராம்மா பைகலரேட்டா 1983இல் இந்தியாவுக்குத் தருவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு பெங்களூரில் வெளியில் விடப்பட்டது. 1988 வாக்கில் செடிகள் மொட்டையாகி நின்றதைப் பார்க்க முடிந்தது. பின்னர் சூரியகாந்தியிலும் வண்டு தென்பட, பெரும் பீதி எழுந்து, ஆய்வுகளுக்குப் பிறகே தணிந்தது. இத்தனைக்குப் பிறகும் களை குறையவில்லையே, வண்டு தோற்றுவிட்டதா என்று நம் துறையிலேயே கேட்கிறார்கள். தோற்கவில்லை என்பதே எங்கள் உறுதியான கருத்து.

வறண்ட மாதங்களில் வண்டு மண்ணுக்குள் உறங்குகிறது. மழைக்குப் பின் வெளிவந்து, முட்டையிட்டுப் பெருகுவதற்குள் முதல் முளைப்பு பூத்துவிடுகிறது. முளைத்த ஒரு மாதத்திலேயே பூக்கத் தொடங்கும் செடி இது. ஒன்றே ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். ஆகவே அந்த முதல் முளைப்பை அகற்றுவது மனிதர் வேலை. நாமோ பெரும்பாலும் வெள்ளைப் பூ தலைகாட்டிய பிறகுதான் ஆள் அனுப்புகிறோம். அப்போது வெட்டினால் அடிக்கட்டை மறுபடி தழைக்கும். வெட்டியதை ஏற்றிப்போகும் வண்டி வழியெல்லாம் விதைக்கும்.

தண்டு எழும்புமுன், தரையோடு ஒட்டிப் பரந்த இலைவட்டத்திலேயே செடியை அடையாளம் காணக் களப்பணியாளர்களைப் பழக்க வேண்டும். கேரட் இலைபோல் ஆழமாகப் பிளந்த, மென்மயிர் கொண்ட வெளிர்பச்சை இலை. ஈர மண்ணில், கையுறையோடு, வேருடன் பிடுங்க வேண்டும். பூக்காத செடி என்றால் உரக்குழிக்குப் போகலாம். தும்கூர் மாவட்டத்துத் துருவேகெரெ பக்கம் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்: அங்கே அம்புரோசியா என்ற களையும் உண்டு. அதன் இலை பார்த்தீனியம்போல் ஏமாற்றும், ஆனால் அது மண்ணுக்கடியில் கிழங்குத்தண்டு ஓட்டிப் பல ஆண்டு வாழ்வது, பிடுங்கினால் தீராது.

ஜூலைக்குப் பின் முளைப்பவற்றில், இலையடியில் வண்டின் முட்டையோ புழுவோ கண்ட இடங்களில் களைக்கொல்லி தெளிக்காதீர்கள். தெளித்தால் செடி போவதோடு வண்டும் இரையின்றிப் போகும். அந்தத் திட்டுகளைக் குறித்துவைத்து, வண்டு பெருகியபின் அங்கிருந்து எடுத்து மற்ற இடங்களில் விடலாம்.

உங்கள் வட்டாரத்தில் இவ்வாண்டு முதல் முளைப்பு, முதல் பூ, முதல் வண்டு தென்பட்ட தேதிகளை எங்களுக்கு எழுதுங்கள். ஊர்தோறும் பிடுங்கும் நாளைக் குறிக்க அவை தேவைப்படுகின்றன.