அந்த ஏழு சதவீதமும் தாராளம்தான்

மேடைப் பேச்சில் சொல்லுக்கு ஏழு சதவீதம்தான் மதிப்பு, குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்று சென்ற இதழில் தீர்ப்பெழுதிய பயிற்சியாளர், அந்தத் தீர்ப்பை நான்கு பக்கத்துக்கு வெறும் சொற்களால்தான் எழுதியிருந்தார். அச்சில் அவர் குரலும் இல்லை, கையாட்டலும் இல்லை. அவர் கணக்குப்படியே நமக்கு வந்து சேர்ந்தது நூற்றில் ஏழு. படித்து முடித்தபோது அந்த ஏழுமே தாராளமாகப் பட்டது எனக்கு.

எண்கள் எங்கிருந்து வந்தன என்று ஒருமுறையாவது எட்டிப் பார்த்தாரா? 1967இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் தம் சகாக்களோடு செய்த இரண்டு சிறு சோதனைகளை ஒட்டுப்போட்ட கணக்கு அது. ஒற்றைச் சொற்களைப் பலவிதத் தொனியில் கேட்கவைத்தார்கள். ஒன்றில் முகப் படங்களையும் சேர்த்துக் காட்டினார்கள். பேசுகிறவரின் மனநிலை விருப்பா வெறுப்பா என்று ஊகிக்கச் சொன்னார்கள். அவ்வளவுதான் சங்கதி. உணர்ச்சியையும் மனப்பாங்கையும் பற்றிப் பேசும்போது மட்டுமே இது செல்லும் என்று மெஹ்ராபியனே சொல்லியாயிற்று. ‘வாடா’ என்று அம்மா கூப்பிடுவதற்கும் கடன் கொடுத்தவன் கூப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம் தெருப் பையனுக்கே தெரியும். அதற்காக வட்டி விகிதத்தைப் புருவத்தால் உணர்த்திவிட முடியுமா?

அடுத்தது தங்கமீன். மனிதக் கவனம் எட்டு நொடியாகச் சுருங்கிவிட்டதாம், மீனே தேவலையாம். 2015இல் மைக்ரோசாஃப்ட் கனடா வெளியிட்ட அறிக்கை வழியாகப் பரவிய வதந்தி இது. அவர்களும் சொந்தமாக அளக்காமல் ஒரு புள்ளிவிவர இணையதளத்திலிருந்து எடுத்துப்போட்டதுதான். இருக்கட்டும். எட்டு நொடி மீன்களுக்கு இரண்டு நாள் பயிலரங்கு நடத்திக் கட்டணம் வாங்குகிறாரே, அது எந்தக் கணக்கு?

பிறகு, வழக்கம்போல, வள்ளுவர். ‘அவையறிதல் என்றால் உடல்மொழி அறிதலே’ என்கிறார். அந்த அதிகாரம் முழுக்கச் சொல்லின் இயல்பையும் கேட்பவர் தரத்தையும் பற்றியது. அடுத்த அதிகாரமான அவையஞ்சாமையோ, கற்றிருந்தும் அவைக்கு அஞ்சுபவனை இடித்துரைப்பது, அதாவது கல்வி கையில் இருக்கிறது என்பதை முன்வைத்துக்கொண்டுதான் பேசவே தொடங்குகிறது. முகம் பற்றி வேண்டுமென்றால் அவையறிதலுக்கு ஓர் அதிகாரம் முன்னால் குறிப்பறிதல் இருக்கிறதே. ஆனால் அது பிறர் முகத்தைப் படிப்பவனுக்குச் சொன்னது, தன் முகத்தைக் கண்ணாடியில் ஒத்திகை பார்ப்பவனுக்கு அல்ல.

‘ஒரே இடத்தில் நிற்காதீர்கள், மேடையை அளங்கள்’ என்ற உபதேசத்துக்குக் கிருபானந்த வாரியாரே போதும்: உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊரைக் கட்டிப்போட்டவர். வானொலியில் அப்துல் ஜப்பாரின் கிரிக்கெட் வர்ணனையைக் காதை ஒட்டவைத்துக் கேட்டவர்களுக்கு எந்தக் கையசைவு தெரிந்தது?

உள்நோக்கம் ஒன்றும் பிரம்ம ரகசியமில்லை. விஷயஞானத்தை இரண்டு நாளில் விற்க முடியாது. கையை எங்கே வைப்பது என்பதை விற்கலாம்.

சில வருடம் முன் இதே இனத்தைச் சேர்ந்த இன்னொருவரின் வகுப்பில் உட்கார நேர்ந்தது. ‘ஸ்லைடைப் பார்த்து வாசிக்காதீர்கள்’ என்ற வரியை ஸ்லைடைப் பார்த்தே வாசித்தார். தேநீர் இடைவேளையில் ஒரு நீரேற்று நிலையப் பொறியாளர், தன் மோட்டார் ஏன் மூன்று முறை எரிந்தது என்று பேப்பர் நாப்கினில் கிறுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். குனிந்த தலை, முணுமுணுப்பு, ஒருவர் கண்ணையும் பார்க்கவில்லை. சுற்றி நின்ற ஆறு பேர் கையிலும் டீ ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. ‘கவனத்தைக் கவர்வது எப்படி’ என்ற அமர்வு தொடங்கிவிட்டதென்று உள்ளேயிருந்து இரண்டு தரம் கூப்பிட்டார்கள். “இருங்க சார், வயரிங்ல என்னதான் தப்பு?” என்றார் ஒருவர்.